செத்துப் பிழைக்கிற புராசஸும் சாகாத டெமனும்

ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டு பில்ட் கொடுப்போம். கர்சர் மினுக் மினுக்கென்று மினுக்கிக்கிட்டே நிற்கும். ஒரு டீ குடிச்சுட்டு வந்தாலும் அப்படியே நிற்கும். இத்தனைக்கும் உள்ளே நடக்க வேண்டிய வேலை ஒரு ஃபைலைக் கம்பைல் பண்றது மட்டும்தான். அந்த வேலையை ஆரம்பிக்கிறதுக்குத்தான் அவ்வளவு நேரமும் போகுது. தாலி கட்ட ஒரு நிமிஷம், பந்தல் போட ரெண்டு நாள்ங்கிற கதை.

சரி, ஒவ்வொரு தடவையும் பந்தலைப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டாம, அப்படியே விட்டு வச்சா என்ன? இந்த யோசனைதான் பில்ட் உலகத்தில் 'பின்னணியில் நிரந்தரமாக ஓடும் சர்வர்' என்ற பெயரில் வந்தது. வேலை முடிந்ததும் புராசஸ் சாகாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும். அடுத்த வேலை வந்தால், கிளம்புகிற செலவு இல்லாமல் உடனே செய்து கொடுக்கும். கேட்க ரொம்ப எளிமையான விஷயம். ஆனால் இதை ஒழுங்காகச் செய்து, ஜனங்களை நம்ப வைக்க வருஷக்கணக்கில் ஆனது. ஒரு கூட்டம் நம்பி ஏற்றுக்கொண்டது, இன்னொரு கூட்டம் ஏழு வருஷம் வைத்திருந்துவிட்டு வெளியே அனுப்பியது. மேலோட்டமா பார்த்தா இது வேகத்தைப் பற்றின கதை. கொஞ்சம் தோண்டிப் பார்த்தா நம்பிக்கையைப் பற்றின கதை. அதைத்தான் இங்கே எழுதப் போறேன்.

ஒரு காலைப் பொழுது வீணான கதை

பில்ட் கருவிகளின் தாத்தா 'மேக்'. 1976-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதியது. அது பிறந்த கதையை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'யாக்' எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் கடுப்போடு அவர் அறைக்கு வந்தாராம். சரியாக இருந்த ஒரு புரோகிராமில் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப் பொழுதையே தொலைத்திருந்தார். நடந்தது என்னன்னா, பிழையை அவர் ஏற்கெனவே திருத்திட்டார். ஆனால் திருத்திய ஃபைல் மறுபடி கம்பைல் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்தது பழைய சரக்கு! முந்தின நாள் சாயங்காலம் ஃபெல்ட்மேனும் இதே மாதிரி ஒரு தொல்லையில் மாட்டியிருந்தார். அந்த வார இறுதியிலேயே மேக் உருவானது.

மேக் செய்வது ரொம்ப சிம்பிள். மூல ஃபைலின் நேரத்தையும் விளைபொருள் ஃபைலின் நேரத்தையும் ஒப்பிடும். மூலம் புதுசா இருந்தா மறுபடி செய்யும், இல்லேன்னா விட்டுடும். இதுக்காக ஃபெல்ட்மேனுக்கு 2003-ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் விருது கிடைத்தது.

இங்கே ரெண்டு விஷயத்தைக் குறித்து வச்சுக்குங்க. ஒண்ணு, மேக் முதலில் தீர்க்க வந்த நோய் மெதுவாக ஓடுவது அல்ல. பழைய சரக்கை புதுசுன்னு நம்பி ஏமாறுவது. ரெண்டு, மேக் எதையும் மனசில் வைத்துக்கொள்வதில்லை. வரும், டிஸ்க்கில் இருப்பதைப் பார்க்கும், வேலையை முடிக்கும், செத்துப் போகும். அடுத்த தடவை புதுப் பிறவி. முற்பிறவி ஞாபகம் எதுவும் கிடையாது. நாம அதை நம்புறதுக்குக் காரணமே இந்த மறதிதான்.

பேய் வந்த வழி

பின்னணியில் ஓடும் புரோகிராமை 'டெமன்' என்கிறோமே, அந்தப் பெயர் மேக்கை விடப் பழையது. 1963-ல் எம்ஐடியின் 'பிராஜெக்ட் மேக்' குழு (பெயர் ஒற்றுமைதான், நம்ம மேக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை) ஐபிஎம் 7094 கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தபோது வைத்த பெயர். இயற்பியலில் மேக்ஸ்வெல் 1867-ல் கற்பனை செய்த ஒரு குட்டி உருவம் உண்டு. ஒரு பெட்டிக்குள் ஓயாமல் உட்கார்ந்து வேகமான மூலக்கூறுகளையும் மெதுவானவற்றையும் பிரித்து அனுப்பிக்கொண்டே இருக்கும். 'மேக்ஸ்வெல்லின் பேய்' என்பார்கள். அந்த ஓயாத உழைப்பை மனதில் வைத்துத்தான் இந்தப் பெயர். முதல் டெமன் செய்த வேலை, ஃபைல்களைத் தானாக டேப்பில் நகலெடுத்து வைப்பது. ஆக இது நல்ல பேய்தான், பயப்படாதீங்க :-)

வேகத்துக்காக எதையாவது பிடித்து வைத்துக்கொள்ளும் ஆசையும் ரொம்பப் பழசு. 1974-ல் வந்த ஐந்தாம் பதிப்பு யூனிக்ஸில் 'ஸ்டிக்கி பிட்' என்று ஒன்று சேர்ந்தது. இன்றைக்கு அது பொது ஃபோல்டரில் ஒருவர் ஃபைலை இன்னொருவர் அழிக்காமல் காக்கப் பயன்படுகிறது. ஆனால் அன்றைக்கு அதன் வேலையே வேறு. அடிக்கடி ஓட்டும் ஒரு புரோகிராமுக்கு அந்தக் குறியைப் போட்டு வைத்தால், ஓடி முடிந்த பிறகும் அதன் கட்டளைப் பகுதி ஸ்வாப் இடத்திலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். அடுத்த முறை சீக்கிரம் கிளம்பலாம். கவனிங்க, ஒட்டிக்கொண்டது மாறாத கட்டளைப் பகுதி மட்டும்தான். புரோகிராமின் தரவு அதோடு சேர்ந்து தங்கவில்லை. அதனால் ஆபத்தும் இல்லை.

தரவும் சேர்ந்து தங்கினால் என்ன ஆகும்? அதை வெப் உலகம் முதலில் அனுபவித்தது. 1993-ல் வந்த சிஜிஐ முறையில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புது புராசஸ் பிறந்து சாகும். கூட்டம் கூடியதும் சர்வர் மூச்சு வாங்கியது. 1996-ல் ஃபாஸ்ட்சிஜிஐ, மாட்-பெர்ல் ரெண்டும் வந்தன. ஸ்கிரிப்டைச் சாகவிடாமல் வைத்துக்கொண்டு வேலை வாங்கின. வேகம் பிய்த்துக்கொண்டு போனது. கூடவே ஒரு விசித்திரமும் வந்தது. எப்படியும் செத்துடுவோம் என்ற தைரியத்தில் எழுதப்பட்ட பழைய ஸ்கிரிப்ட்கள், முந்தின ஆளுக்காகப் போட்டு வைத்த மதிப்பை அடுத்த ஆளிடம் நீட்டின. கோடு ஒன்றும் மாறவில்லை. அது வாழ்ந்த காலம்தான் மாறியது. அதுவே புதுப் பிழையானது.

ஜாவா என்ற கனமான தோசைக்கல்

பில்ட் பக்கம் வருவோம். சி கம்பைலர் சட்டென்று கிளம்பும். அதனால் மேக் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு தடவை கம்பைலரைக் கூப்பிட்டாலும் பெரிசா வலிக்கவில்லை. 1996-ல் ஜாவா 1.0 வந்ததும் கதை மாறியது. ஜாவா கம்பைலரே ஜாவாவில் எழுதப்பட்டது. அதை ஓட்ட முதலில் ஜேவிஎம் கிளம்பணும், கிளாஸ்களை எல்லாம் ஏற்றணும், சரிபார்க்கணும், அப்புறம்தான் வேலை.

அதைவிட முக்கியம், 1999-ல் வந்த ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் எடுத்தவுடன் முழு வேகத்தில் ஓடாது. முதலில் ஒவ்வொரு கட்டளையாகப் படித்துப் படித்து மெதுவாக ஓடும். எந்தப் பகுதி அடிக்கடி ஓடுதுன்னு எண்ணிக்கிட்டே வரும். கிளையன்ட் வகையில் 1,500 அழைப்பு, சர்வர் வகையில் 10,000 அழைப்பு என்பது அன்றைய வழக்கமான வரம்பு. அதைத் தாண்டினால்தான் அந்தப் பகுதியை நேரடி இயந்திரக் கட்டளையாக மாற்றும். தோசைக்கல் காயிற மாதிரிதான். முதல் தோசை பிய்ஞ்சு போகும், பத்தாவது தோசை மொறுமொறுன்னு வரும். நாம என்ன செய்யறோம்? ஒவ்வொரு பில்டுக்கும் ஒரே ஒரு தோசை ஊத்திட்டு, கல்லைத் தண்ணியில போட்டு ஆற வச்சுடறோம். அடுத்த பில்டுக்கு மறுபடி பச்சைக் கல்லு.

இதற்கு இரண்டு விதமான பதில்கள் வந்தன. ஐபிஎம் 'ஜைக்ஸ்' என்ற ஜாவா கம்பைலரை சி++ மொழியில் எழுதி, 1998-ல் அதன் மூலத்தையும் திறந்துவிட்டது. ஜேவிஎம்மே வேண்டாம், அதனால் காத்திருப்பும் இல்லை. ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய 'ஆன்ட்' (2000-ல் தனிக் கருவியாக வந்தது) வேறு வழியில் போனது. தான் ஓடும் அதே ஜேவிஎம்முக்குள்ளேயே கம்பைலரையும் கூப்பிட்டுக்கொண்டது. ஒரு பில்டுக்குள் நூறு ஃபைல் இருந்தாலும் கல் ஒருமுறை காய்ந்தால் போதும். ஆனால் பில்ட் முடிந்ததும் ஆன்ட்டும் சாகும். அடுத்த பில்டுக்கு மறுபடியும் முதலில் இருந்து. பில்டுக்கும் பில்டுக்கும் நடுவே கல்லை எப்படிச் சூடாக வைத்திருப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது.

நெயில்கன்

அந்தக் கேள்விக்கு நேரடியாகக் கை வைத்தது மார்ட்டி லேம்ப் என்பவர் எழுதிய 'நெயில்கன்'. 2004 வாக்கில் வந்தது. அமைப்பு அழகானது. ஜாவாவில் ஒரு சர்வர், பின்னணியில் எப்போதும் ஓடும். சி மொழியில் ஒரு பொடியன் கிளையன்ட். நாம் கட்டளை கொடுத்தால் கிளையன்ட் நொடியில் கிளம்பி, கொடுத்த அளவுருக்கள், சூழல் மாறிகள், எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்ற தகவல் எல்லாவற்றையும் சாக்கெட் வழியாக சர்வரிடம் ஒப்படைக்கும். சர்வர் ஓட்டி, வெளியீட்டைத் திருப்பி அனுப்பும். நமக்கு ஏதோ சாதாரண கட்டளை ஓடின மாதிரியே இருக்கும். ஓட்டலில் நாம சர்வரிடம் ஆர்டர் சொல்கிறோம், உள்ளே அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் சாதாரண கட்டளை 'மாதிரி' இருப்பது வேறு, சாதாரண கட்டளையாகவே இருப்பது வேறு. ஜாவாவில் ஒரு புராசஸின் நடப்பு ஃபோல்டரைப் பாதியில் மாற்ற முடியாது. அதனால் பக்கத்து ஃபைலைத் தேடும் புரோகிராம், நாம் நிற்கும் இடத்தில் தேடாமல் சர்வர் கிளம்பின இடத்தில் போய்த் தேடும். ஒரு புரோகிராம் 'நான் முடிச்சுட்டேன், கடையை மூடு'ன்னு வழக்கமான வெளியேறும் கட்டளையைக் கொடுத்தால், மொத்த சர்வரும் சேர்ந்து மூடிக்காமல் இருக்க அதை இடைமறிக்கணும். திரையில் எழுதுவதை யாருக்கு அனுப்புவது என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் பிரிக்கணும். இன்னொன்று, சர்வருடன் பேச முடிகிற யாரும் அதைத் தொடங்கியவரின் உரிமையிலேயே எதையும் ஓட்டலாம். ஒரு புராசஸ் செத்துப் பிறக்கும்போது இயங்குதளம் இலவசமாகச் செய்து கொடுக்கிற சுத்தம் எவ்வளவு பெரியதுன்னு அப்போதான் புரியும். அதை எல்லாம் இப்போ நாமே கையால் செய்யணும்.

கிரேடில்: விருந்தாளி குடும்பத்தில் ஒருத்தரான கதை

இதைப் பொறுமையாகக் கையால் செய்தவர்கள் கிரேடில்காரர்கள். 2012 ஜூனில் கிரேடில் 1.0 வந்தபோதே டெமன் இருந்தது. ஆனால் கேட்டால்தான் வரும். தனியாக ஒரு விருப்பத்தைப் போட்டு அழைக்கணும். அதிலும் அவர்களுடைய கையேடே ஒரு எச்சரிக்கை சொன்னது. உங்க மேசையில் இருக்கிற மெஷினில் வச்சுக்குங்க, ஆனா எல்லாருடைய கோடையும் சேர்த்து பில்ட் பண்ற சிஐ சர்வரில் வேண்டாம், அங்கே வேகத்தைவிடச் சுத்தம்தான் முக்கியம் என்று. செய்தவர்களே சொன்னது இது. எனக்கு இந்த நேர்மை ரொம்பப் பிடிச்சிருக்கு.

2013 மேயில் கூகிள் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை அறிவித்தது. அதன் பில்ட் கருவி கிரேடில். திடீர்னு ஒரு பெரிய படையே இந்த டெமனோடு குடித்தனம் நடத்த வேண்டி வந்தது. புகார்களும் வந்தன. ஜாவா பதிப்போ மெமரி அளவோ மாறினால் பழைய டெமன் ஒத்துவராது, புதுசா இன்னொன்று கிளம்பும். ரெண்டு, மூணுன்னு சேர்ந்து ரேமை விழுங்கும். பிளகின்கள் எதையாவது பிடித்து வைத்துக்கொண்டு விடாமல் இருந்தால், பத்துப் பதினைந்து பில்டுக்குப் பிறகு மெமரி தீர்ந்து டெமன் விழும். அந்தக் காலத்தில் என்கூட வேலை பார்த்த ஒரு சீனியர், யார் என்ன புகார் சொன்னாலும் முதல் கேள்வியாகக் கேட்பார், "டெமனை நிறுத்திட்டு ஒரு தடவை ஓட்டிப் பாத்தியாப்பா?" பாதி நேரம் அதிலேயே சரியாயிடும். மீதிப் பாதி நேரம் நம்ம கோடுதான் தப்பு. ஆனா எது எந்தப் பாதின்னு ஓட்டிப் பார்க்காமல் தெரியாது. அதுதான் தொல்லை.

கிரேடில் இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்த்தது. ஒவ்வொரு பில்டிலும் கிளையன்ட் அனுப்பும் சூழல் மாறிகளையும் ஃபோல்டரையும் டெமனுக்குள் மாற்றி வைக்க, ஜாவாவுக்கு வெளியே இயங்குதளத்தோடு பேசும் தனி நூலகமே எழுதினார்கள். மூணு மணி நேரம் சும்மா இருந்தால் டெமன் தானாக விலகும். மெமரி நெருக்கடி என்று தெரிந்தால் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். கடைசியில் 2016 ஆகஸ்டில் வந்த கிரேடில் 3.0-ல்தான் டெமன் கேட்காமலே வரும் வழக்கமான ஏற்பாடானது. 1.0-லிருந்து எண்ணினாலும் நாலு வருஷத்துக்கு மேல். அந்த வருஷங்கள் போனது வேகத்தைக் கூட்ட அல்ல. வேகம் முதல் நாளே இருந்தது. நம்பிக்கையைச் சம்பாதிக்கத்தான் அவ்வளவு நாள்.

அதுக்கப்புறம் டெமனின் ஞாபகம் இன்னும் ஆழமானது. 2021 ஏப்ரலில் வந்த 7.0-லிருந்து, எந்தெந்த ஃபைல் மாறியது என்பதை இயங்குதளத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மாறாதவற்றைப் பற்றி முந்தின பில்டில் தெரிந்ததை அப்படியே மெமரியில் வைத்துக்கொள்வது வழக்கமானது. மேக் ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கைப் போய்ப் பார்த்ததே, அதையும் மிச்சம் பிடிக்கிறது.

ரூபி: வந்த வழியே திரும்பிப் போன சர்வர்

இப்போ இன்னொரு குடும்பத்துக் கதை. ரூபி மொழியின் மேக் 'ரேக்'. 2003-ல் ஜிம் வைரிக் எழுதியது (2014-ல் காலமானார்). தனியாக இருந்தவரை ரேக் லேசானதுதான். ரெயில்ஸ் வந்து சேர்ந்ததும் கனம் ஏறியது. டேட்டாபேஸில் ஒரு சின்ன வேலை செய்கிற டாஸ்க்காக இருந்தாலும், முதலில் மொத்த அப்ளிகேஷனும் அதன் நூற்றுக்கணக்கான ஃபைல்களும் ஏறணும். ரூபி 1.9.2-ல் இது இன்னும் மோசம். ஒரு ஃபைலை ஏற்றும்போதெல்லாம் ஏற்கெனவே ஏற்றின பட்டியலை முழுக்கத் தேடும். பட்டியல் நீள நீள நேரமும் நீளும். 2011-ல் வந்த 1.9.3-ல்தான் இது சரியானது.

ஆகவே ரூபிக்காரர்களும் சர்வர் வளர்த்தார்கள். ஸ்போர்க், ஜியஸ் என்று வரிசையாக வந்தன. ஜான் லெய்டன் எழுதிய 'ஸ்பிரிங்' 2014 ஏப்ரலில் ரெயில்ஸ் 4.1-ன் வழக்கமான ஏற்பாட்டில் இடம் பிடித்தது. உத்தி புத்திசாலித்தனமானது. ஒரு புராசஸ் அப்ளிகேஷனை ஏற்றித் தயாராக நிற்கும். ரேக் டாஸ்க் வந்தால், அதை அந்தத் தாய் புராசஸே செய்யாது. தன்னைப் போலவே ஒரு பிள்ளையைப் பிரித்துக் கொடுக்கும். பிள்ளை வேலையை முடித்துச் சாகும். அம்மா கெடாமல் அப்படியே இருப்பாள். ஜாவாவில் இப்படிப் பிரிக்க வழியில்லை. யூனிக்ஸ் கொடுத்த வரம் இது.

அப்புறம் என்ன பிரச்சினை? பிள்ளை கெட்டாலும் அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, சரி. ஆனால் அம்மாவுக்குத் தெரிந்ததே பழசாக இருந்தால்? சர்வர் கிளம்பியபோது இருந்த சூழல் மாறிகளை வைத்து ஆரம்ப அமைப்பெல்லாம் முடிந்திருக்கும். நாம் அதற்கப்புறம் ஒன்றை மாற்றினால் அந்த அமைப்பு மாறாது. ஸ்பிரிங் கண்காணிக்காத ஒரு ஃபைலை மாற்றினால் அதுவும் தெரியாது. திருத்தின கோடு ஓடவில்லையே என்று மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஸ்பிரிங்கை நிறுத்தினதும் எல்லாம் சரியாவது ரெயில்ஸ் வட்டாரத்தில் ஒரு பழமொழி மாதிரியே ஆகிப்போனது.

1976-க்கு ஒருமுறை போய்ட்டு வாங்க. ஸ்டீவ் ஜான்சன் காலைப் பொழுதைத் தொலைத்தது எதனால்? திருத்தினது ஓடாமல் பழசு ஓடியதால். எந்த நோய்க்கு மருந்தாக மேக் பிறந்ததோ, அதே நோய் வேகத்தின் வேஷத்தில் திரும்பி வந்துவிட்டது!

2018-ல் ரெயில்ஸ் 5.2-ல் 'பூட்ஸ்னாப்' சேர்ந்தது. ஷாப்பிஃபை நிறுவனத்தில் பிறந்தது. அது எந்த புராசஸையும் உயிரோடு வைப்பதில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, ஏற்கெனவே மாற்றி வைத்த பைட்கோடு எது என்பதை டிஸ்க்கில் எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். கிளம்பும் நேரம் குறைந்தது. கம்ப்யூட்டர்களும் வேகமாயின. 2021 டிசம்பரில் ரெயில்ஸ் 7 வந்தபோது ஸ்பிரிங் வழக்கமான ஏற்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது. வேணும்னா வச்சுக்குங்க என்று விட்டுவிட்டார்கள். கிடைக்கும் வேகம் குறைந்ததும், அதற்குக் கொடுக்கிற விலை கண்ணில் பட ஆரம்பித்துவிட்டது.

யார் ஞாபகத்தை நம்பலாம்?

அப்போ டெமன் தோற்றுப் போச்சான்னா, இல்லை. கூகிள் 2015-ல் திறந்துவிட்ட பேசல், சி++ கிளையன்ட்டும் ஜாவா சர்வருமாகத்தான் ஓடுகிறது. அதற்குமேல் அதே வருஷம் கம்பைலரையும் சாகவிடாமல் தொழிலாளியாக வைத்துக்கொள்ளும் வசதி சேர்ந்தது. ஜாவா கம்பைலில் 2-லிருந்து 4 மடங்கு வேகம் என்கிறது அவர்கள் கையேடு. ஃபேஸ்புக்கின் 'பக்' நெயில்கன்னையே உள்ளே வைத்து டெமன் ஓட்டியது. மேவன்காரர்களும் 2020-ல் மேவன் டெமனைக் கொண்டுவந்தார்கள்.

நான் பார்த்தவரை பிழைத்த டெமன்களுக்கு ஒரு பொதுக் குணம் இருக்கு. பேசலோ கிரேடிலோ, ஒரு வேலை எந்தெந்த உள்ளீட்டைச் சார்ந்திருக்கிறது என்று முதலில் நம்மையே சொல்லச் சொல்லும். அதில் எது மாறினாலும் தன் ஞாபகத்தில் அந்தப் பகுதியை மட்டும் அழிக்கும். எதை நம்பி எதை ஞாபகம் வைத்தோம் என்று அதற்குத் தெரியும். ஸ்பிரிங்குக்கு அந்த வசதி இல்லை. எந்த ஃபைலையும் எங்கிருந்தும் தொடலாம் என்கிற ரூபி அப்ளிகேஷனைப் பார்த்து, எது மாறியிருக்கும் என்று ஊகிக்க வேண்டிய நிலைமை. ஞாபகசக்தி மட்டும் இருந்தா போதாது, எதை எப்போ மறக்கணும்னும் தெரியணும். மனுஷனுக்கும் அதே கதைதானே :-)

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. நம்ம மேசையில் டெமன் என்னதான் வேகமா ஓடினாலும், வாடிக்கையாளருக்குப் போற கடைசி பில்டைப் பல இடங்களில் இன்றும் அப்போதே பிறந்து அப்போதே அழிகிற ஒரு கன்டெய்னரில்தான் செய்கிறார்கள். முற்பிறவி ஞாபகமே இல்லாத ஒரு புராசஸ் 'சரி'ன்னு சொன்னாத்தான் மனசு நிம்மதியாகுது. வேகத்துக்கு ஞாபகம், சாட்சிக்கு மறதி. ரெண்டும் வேண்டியிருக்கு.

உங்க அனுபவத்தில் டெமனை நிறுத்தினதும் மாயமா மறைஞ்ச பிழை ஏதாவது இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க. கும்மி அடிக்கிறவங்களும் தாராளமா வரலாம்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் அவசரப்பட்டு டெமனை அணைச்சுடாதீங்க. சந்தேகம் வந்தா மட்டும் நிறுத்திட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. சீனியர் சொன்னது இன்னிக்கும் செல்லும்.